துணிக்கடைக்காரர் கண்ட உலகம்

கேள்வி: கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவர் பெரிய விஞ்ஞானி ஆக முடியுமா?

பதில்: ஆகியிருக்கிறாரே! ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக் (1632–1723). லத்தீன் தெரியாது, டச்சு மட்டும்தான். அவர் செய்த நுண்ணோக்கி இப்படி இருக்கும்: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கடுகளவு லென்ஸ், அதன் முன்னால் ஓர் ஊசி முனை. பார்க்க வேண்டியதை அந்த முனையில் வைத்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கைக்குள் அடங்கும் அந்தக் கருவிகளில் ஒன்று ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது!

தண்ணீரில் நுண்ணுயிர்கள் நீந்துவதை 1676-ல் லண்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. மறு வருடம் அந்தச் சங்கத்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தானே பார்த்து உறுதி செய்த பிறகுதான் அவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1680-ல் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1683-ம் வருடக் கடிதம். ஆயுளில் பல்லே துலக்காத கிழவர் எதிரே வந்தால் நாம் நாலடி தள்ளி நிற்போம். லீவன்ஹூக்கோ அவரை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி எடுத்தார். உள்ளே பாக்டீரியா கூட்டம், திருவிழாவாக! தினமும் உப்பு வைத்துத் தேய்த்த தன் பல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. அங்கேயும் ஆள் இருந்தது. 90 வயதில், மரணப் படுக்கையிலும் தன் நோயின் அறிகுறிகளைக் கவனித்து லண்டனுக்கு எழுத வைத்த மனிதர் அவர்.