ஒரு மூட்டை பதில்

அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக்குக் கோபம். 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்று இந்தியா பீற்றிக்கொள்கிறதே, அத்தனை பேரும் எங்களிடம் ஒரு புஷல் மக்காச்சோளம் வாங்கக் கூடாதா என்று 2025 செப்டம்பரில் ஒரு பேட்டியில் கேட்டார். விற்க வந்தவர் வாங்காதவனைத் திட்டுவது எங்கள் சந்தைக்குப் புதிதல்ல. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திட்டியதுதான் புதிது.

அவர் கேட்டது எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சின்னசேலத்துக்கும் தியாகதுருகத்துக்கும் வந்து சேர ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அமெரிக்கச் செய்திக்கு எங்கள் பக்கம் தனி மவுசு உண்டு. ட்ரம்ப் காலையில் வரியை ஏற்றினால் மாலைக்குள் பவுன் விலை எங்கே நிற்கும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததற்கு ஒருவர் உச்சுக் கொட்டினார். அவர் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடையில் வட்டிக்கு வட்டி போட்டுக்கொண்டிருந்தது. லட்னிக் பேச்சைக் கேட்டதும் எல்லோருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம சோளத்த கேக்கவே நாதியில்ல, இவன் சோளத்த நாம வாங்கணுமாமா?" என்றார் ஒரு மாமா. பெஞ்சே கைதட்டியது. தட்டியது பின்பாதிக்கு. முன்பாதி யார் காதிலும் விழவில்லை.

எனக்கு அந்த முன்பாதியில்தான் வயிற்றெரிச்சல். ஆனாலும் கேட்டவர் பெரிய மனிதர், முதலில் அவருக்குக் கணக்குச் சொல்லிவிடுவோம்.

ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோ 400 கிராம். தலைக்கு ஒரு புஷல் என்று 140 கோடிப் பேரும் வாங்கினால் மூன்றரைக் கோடி டன். இந்தியா முழுக்க ஒரு வருடத்தில் விளைவதே நாலு கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான். ஏதோ கைமாற்றாக ஒரு படி கேட்பவர்போலக் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் நாட்டில் மக்காச்சோளம் போடுகிற அத்தனை பேரும் கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கே அப்போது அதன் விலை புஷலுக்கு நாலு டாலரைச் சுற்றி. நம் கணக்கில் குவிண்டால் சுமார் 1,400 ரூபாய். இங்கே 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,400. அங்கே ஒரு பண்ணைக்குச் சராசரி 460 ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டு விவசாயிக்குச் சராசரி இரண்டு ஏக்கர்கூட இல்லை. அவர்களிடம் சீனா சோயா வாங்குவதை நிறுத்தியதும், அவர்கள் அரசு 2025 டிசம்பரில் 1,200 கோடி டாலரை விவசாயிகளுக்கென்று எடுத்து வைத்தது. இந்த இரண்டு பேரையும் ஒரே கோதாவில் இறக்கிவிட்டு அதற்கு நியாயமான போட்டி என்று பெயர் வைக்கிறார்கள்.

அமெரிக்கச் சரக்கு எதுவுமே எங்கள் கொல்லைக்கு வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2018இல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. ஆப்பிரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முதலில் கர்நாடகத்தில் தலைகாட்டி, அதே வருடம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டம்கூட ஆகவில்லை. புழுவுக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. பயிரின் குருத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு தின்னும். மரத்தூள் மாதிரி எச்சம் தள்ளும். பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் பாதிக் குருத்து போயிருக்கும். அன்றிலிருந்து மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் எடுத்தேன் என்று சொல்கிற ஆளை நான் பார்க்கவில்லை. சுங்கம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கூட்டறிக்கை இல்லை. தடையில்லா வர்த்தகம் என்றால் அதுதான்.

சரி, லட்னிக்கை விடுங்கள். அவர் அவருடைய ஊர்க்காரனுக்காகப் பேசுகிறார். நம் ஊர்க்காரனுக்காக யார் பேசினார்கள்?

பிரதமர் பேசினார். 2025 ஆகஸ்ட் 7 அன்று டில்லியில், எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டு மேடையில், விவசாயிகள் நலனில் சமரசமே கிடையாது, அதற்குத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க நேரும் என்று தெரியும், அதற்கும் தயார் என்றார். ஹூஸ்டனில் ட்ரம்ப்புடன் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தவர், அகமதாபாத்தில் விருந்தாளி கண்ணில் குடிசை படாமலிருக்கச் சுவர் எழுப்பிய விழாவுக்குத் தலைமை தாங்கியவர், இப்படிப் பேசியதும் எனக்கே மெய் சிலிர்த்தது. பன்னிரண்டு நாள்தான் சிலிர்த்தது. ஆகஸ்ட் 19 முதல் வெளிநாட்டுப் பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 30 வரைதான் என்றார்கள். அப்புறம் டிசம்பர் 31 வரை என்றார்கள். எங்கள் பக்கம் பருத்தி போட்டவன் ஏலத்துக்குக் கொண்டுவருவதற்குள் வெளிநாட்டுப் பருத்திக்குக் கதவைத் திறந்து வைத்தாயிற்று. அமெரிக்கா நம் துணிக்கு 50 சதவீத வரி போட்டது. அதற்குப் பதிலடியாக நாம் அமெரிக்கப் பருத்திக்கும் சேர்த்து வரியை நீக்கினோம். கன்னத்தில் அறைந்தவன் கை வலிக்குமே என்று தைலம் எடுத்துக்கொண்டு ஓடிய வீரம் இது. திருப்பூருக்கு நூல் மலிவாக வேண்டும், அது நியாயம்தான். அந்த மலிவை எவன் மடியிலிருந்து எடுத்தீர்கள்? பெரிய விலை கொடுக்கத் தயார் என்றார் பிரதமர். கொடுத்தது தியாகதுருகத்துக்காரன்.

இன்னொரு கூத்து. மரபணு மாற்றிய அமெரிக்க மக்காச்சோளத்தை எத்தனால் காய்ச்ச மட்டும் இறக்குமதி செய்யலாமே என்று நிதி ஆயோக்கில் ஒரு கட்டுரை எழுதி இணையதளத்தில் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கட்டுரையைக் காணவில்லை. எழுதியவர்கள் இருக்கிறார்கள், யோசனை இருக்கிறது, தாள் மட்டும் மறைந்துவிட்டது. உள்ளூரிலும் இதே கைவரிசைதான். எத்தனாலுக்கு மக்காச்சோளம் போடுங்கள், அன்னதாதா இனி எரிசக்தி தாதா என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். நம்பி ஏக்கரைக் கூட்டினார்கள் நம் ஆட்கள். விலை ஏறுகிற நேரம் பார்த்து, மத்திய கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். ரேஷன் கடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்குகிற அரிசிக்குப் போட்டியாக இப்போது புல்லட்டும் காரும் வரிசையில் நிற்கின்றன. மக்காச்சோளம் விலை என்னவாகும்? 2025 நவம்பரில் கர்நாடகத்து விவசாயிகள் தெருவில் உட்கார்ந்தார்களே, அதுவாயிற்று. ஆதரவு விலை 2,400 என்று தாளில் இருந்தது. சந்தையில் இரண்டாயிரத்துக்கும் கீழே கேட்டார்கள்.

இங்கே நாங்கள் தெருவில்கூட உட்காரவில்லை. தெருவில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது, உட்கார இடமில்லை. அறுவடை நேரத்தில் வடகிழக்கு மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். உலர்த்தும் களம் போதாது என்றும் தெரியும். அதனால் நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டி, தார்ப்பாய் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, லாரி ஏறாமல் காவல் படுத்திருப்பார்கள். மேகம் கருத்தால் ஊரே எழுந்து ஓடும். பிறகு வியாபாரி வருவார். கையில் ஈரப்பதம் பார்க்கும் கருவி.

"என்ன மாமா, பதினெட்டு காட்டுதே."

"காலையிலதான் தம்பி பதினாலு காட்டுச்சு."

"அது காலையில. இப்ப வேணும்னா ஆயிரத்து எழுநூறு போட்டுக்கலாம். இல்லன்னா நீங்களே வச்சுக்குங்க."

மாமா எங்கே வைத்துக்கொள்வார்? விதைக்கடையிலும் மருந்துக்கடையிலும் அவர் பெயர் நோட்டில் இருக்கிறது. நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் என்று ஒன்றாவது பெயருக்கு இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கம் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு, சாக்குக்கு இத்தனை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. இதையெல்லாம் கேட்க டில்லிக்குப் போக வேண்டாம், வாஷிங்டனுக்குப் போக வேண்டாம். கோட்டை சென்னையில்தான் இருக்கிறது. ட்ரம்ப் வரியைக் கண்டித்து அறிக்கை விட்ட நம் கட்சிகளில் எத்தனை, சின்னசேலம் சாலையோரத்தில் நனைந்த மூட்டையைக் கண்டித்து அறிக்கை விட்டன? வெளிநாட்டுக்காரன் அவமானப்படுத்தினால் அது தேசப் பிரச்சினை. உள்ளூர்க்காரன் அதையே செய்தால் அது மார்க்கெட் நிலவரம்.

இதே கதைதான் எங்கள் கல்வராயன் மலை மேலும். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால்விலங்கோடு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கியது அமெரிக்கா. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கையில் விலங்கு மாட்டிக்கொண்டு நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். நின்றது சரி. கல்வராயன் மலைக்காரனுக்கும் ஏஜென்ட் வருகிறான் ஐயா. அவனோடு போக விசா வேண்டாம், ட்ரம்ப் போட்ட லட்சம் டாலர் விசாக் கட்டணமும் வேண்டாம். வண்டியில் ஏற்றி ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிடுவான். மாட்டினால் ஜெயில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுப் போட்டார்களே, எந்த வாசலில் எவன் விலங்கு மாட்டிக்கொண்டு நின்றான்? 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்துத்தான் அரசாங்கம் மேலே ஏறியது. சாலையும் ஆஸ்பத்திரியும் அதன்பின் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. 2024இல் உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, அந்த மலையில் மனிதர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று கேட்க வேண்டி வந்தது. அதுவும் கீழே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்த பிறகு. கருணாபுரம் ஏதோ காட்டுக்குள் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம்.

சாராயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2026 பிப்ரவரியில் டில்லியும் வாஷிங்டனும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. 50 சதவீதத்திலிருந்து 18க்கு வரி இறங்குகிறது என்று இங்கே பட்டாசு வெடிக்காத குறை. மக்காச்சோளத்தை உள்ளே விடவில்லை, விவசாயியைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் அமைச்சர் பியூஷ் கோயல். அறிக்கையைப் படித்தால், வரி நீக்கவோ குறைக்கவோ போகிற வேளாண் சரக்குகளில் முன்வரிசையில் இருப்பது கால்நடைத் தீவனத்துக்கான வடிசாலைச் சக்கை. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் காய்ச்சப் போகிறது. காய்ச்சி வடித்தபின் மிஞ்சுவதைக் காயவைத்தால் அந்தச் சக்கை. நாமக்கல் கோழிக்கு எங்கள் மக்காச்சோளம்தான் தீவனம். இனி அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சக்கையும் தட்டில் விழும். மக்காச்சோளம் வாசல் வழியாக வரவில்லை, உண்மைதான். அதைச் சாராயமாக்கிக் காரில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கொல்லைப்புறமாக அனுப்புகிறார்கள். அதைத் தின்ற கோழி இடுகிற முட்டை சத்துணவுக் கூடத்தில் எங்கள் பிள்ளைகளின் தட்டுக்கே வரும்.

கல்வராயன் மலையில் ஓடை ஓரத்தில் நாலு பேரல் ஊறலைக் கண்டுபிடித்தால் போலீஸ் கீழே கொட்டி, பக்கத்தில் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, மறுநாள் பேப்பரில் போடுகிறது. அயோவா ஊறலின் சக்கை கப்பலில் வந்து இறங்கும்போதும் வரிசையாக நின்று போட்டோ எடுப்பார்கள். அன்று கையில் மாலை இருக்கும்.