மீட்டருக்கும் காருக்கும் இடையே: ஒரு திணை ஆராய்ச்சி

சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் மீட்டர் போர்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும். மின்சாரக் கார் நிற்பதோ பின்புற மதிலோரம், வானம் பார்த்தபடி. இடைப்பட்ட முப்பது மீட்டரை எந்தத் திணையில் சேர்ப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல்.

முல்லை என்பர் ஒரு சாரார். 30 யூனிட் பேட்டரியை 15 ஆம்பியர் சாக்கெட்டில் நிரப்ப ஒன்பது பத்து மணி நேரமாகும். இருத்தலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. முல்லையின் பெரும்பொழுதே கார்காலம்தானே என்றும் ஒருவர் வாதிட்டார். சிலேடையைச் சான்றாக ஏற்கும் வழக்கம் நமக்கில்லை. நம் துணிபு பாலை. பிரிவு இல்லையேல் இங்கே சிக்கலே இல்லை. தவிர, தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. மதிலோரத்துக் கார் நிறுத்தமும் அப்படியே. பத்திரத்தில் அது பிரிக்கப்படாத பங்கு, அசோசியேஷன் கணக்கில் பொது இடம், மஞ்சள் பெயின்டில் மட்டும் நம் வீட்டு எண்.

பிரிந்தோரைச் சேர்க்கும் தூது, கேபிள். தூதின் தகுதி ஸ்கொயர் எம்எம்மில் அளக்கப்படும். எலக்ட்ரீஷியன்களில் இரு மரபினர் உண்டு. “ரெண்டரை போதும் சார்” என்பது ஒன்று. “ஆறு போட்டுடுங்க சார், நாளைக்குப் பெரிய சார்ஜர் வந்தாலும் தாங்கும்” என்பது மற்றொன்று. இவ்வழக்கை 1841இலேயே ஜேம்ஸ் ஜூல் தீர்த்துவைத்துவிட்டார்: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சூடு. முப்பது மீட்டர் தொலைவு என்றால் போய்வர அறுபது மீட்டர் செம்பு. 15 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் கம்பி சுமார் 40 வாட் தின்னும். 4 என்றால் 60. இரண்டரை என்றால் 100. மிக்ஸிக்காக வாங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயர் பெரும்பாலும் ஒரு ஸ்கொயரைத் தாண்டாது. அதையே அத்தனை தூரம் நீட்டினால் 250 வாட் வெறும் சூடாகப் போகும். அவிழ்க்காமல் சுருட்டியபடியே போட்டால் சூடு வெளியேற வழியின்றி உறை இளகும். பாலைக்கு வெம்மை உரியது என்பதற்கு இதற்குமேல் அகச்சான்று தேவையில்லை. சார்ஜரை 10 ஆம்பியருக்கு இறக்கினால் சூடு பாதிக்கும் கீழே போய்விடும், காத்திருப்புதான் நீளும். முல்லைக் கட்சியினர் இதில் ஆறுதல் தேடிக்கொள்ளலாம்.

அடுத்து ஊடல். பழைய சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் எர்த் ஒயர் இராது. டியூப் லைட் இதைப் பொருட்படுத்துவதில்லை. கார் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி முகம் திருப்பிக்கொள்ளும். அதன் பக்கம்தான் நியாயம்: மழையில் நனைந்த காரைத் தொடுகிறவருக்கு எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே ட்ரிப் ஆகும் ஆர்சிசிபியும்தான் காப்பு.

பம்ப் ரூம் சாக்கெட்டில் பதினொரு மணிக்கு மேல் செருகுவது களவொழுக்கம். அது பொது மின்சாரம். வாட்ஸ்அப் குழுவில் அலர் எழ அதிக நாள் ஆகாது: “நம்ம மெயின்டெனன்ஸ் காசுல சி பிளாக்காரர் கார் ஓட்டுறார்.” பின்பு அறத்தொடு நிற்றல், அதாவது செயலாளருக்குக் கடிதம். வீட்டில் சார்ஜ் செய்துகொள்ளத் தடையில்லை என்னும் மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலை இணைத்துக் கொடுக்கலாம். செயலாளர் அதைப் படிக்காமலே “பொதுக்குழுவுல வெச்சுக்கலாம் சார்” என்பார்.

சொந்த மீட்டரிலிருந்து கேபிள் இழுத்தால் கற்பு. இதற்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் கரையும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் இரு மாதத்தில் 300 யூனிட் அளவுக்குக் கேட்கும். இதுவரை 350இல் அடங்கிய குடும்பம் வேலி தாண்டிவிடும். தலைவன் பொருள் தேடிப் பிரிவது பழைய மரபு. இங்கே பொருள்தான் தலைவனைப் பிரிகிறது.

எஞ்சிய ஐயம் ஒன்று. நாம் ஊரில் இல்லாதபோது எதிர்வீட்டுத் தம்பி தன் மின்சார ஸ்கூட்டரை நம் சாக்கெட்டில் செருகிக்கொள்வது கைக்கிளையா, பெருந்திணையா? அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் தெளிவாக இருந்தார். பூட்டு வைத்த ஐபி 65 பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, “மழைத்தண்ணியும் உள்ள போகாது சார்” என்றார்.