தூண்டில்காரர் முதலாளி ஆகலாமா?

வாகரையில் தூண்டிலோடு திரும்பும் எவரிடமும் முதலில் கேட்பது, "மீன் பட்டதா?" பட்டது என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, "இதையே தொழிலாகச் செய்தால் என்ன?" முதற் கேள்வி விசாரணை, இரண்டாவதில்தான் ஆபத்து. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனிச்சங்கேணிக் களப்பு என்றிருக்கும் ஊரில் ஆசைக்கு என்ன பஞ்சம்? தண்ணீர்ப் போத்தலில் தங்கூசியைச் சுற்றி, நுனியில் ஈயக்குண்டும் தூண்டிலும் கட்டி, உயிர் இறாலை வாலோரம் குத்தி எறிந்துவிட்டுச் சுட்டுவிரலில் தங்கூசியைப் பிடித்தபடி நிற்பவருக்கு உலகத்தில் வேறு கவலையில்லை. கெளுத்தி ஏறினால் ஏச்சு. கொடுவா ஏறினால் ஒரு கிழமைக்குப் பேச்சு. அறுத்துக்கொண்டு போன மீனோ வாயால் சொல்லச் சொல்ல வளரும். வியாபாரத்தில் அந்த மீனை யாரும் கிலோக் கணக்கில் வாங்கமாட்டார்கள். பொழுதுபோக்கில் பாதிச் சுகம் அங்கேயே போய்விடுகிறது.

மீதிப் பாதி எப்படிப் போகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு அது. படம் வரைவதில் பிரியமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே ஆசை காட்டினார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமேயில்லை. பிறகு விளையாட்டு நேரத்தில் பார்த்தால், ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆகவே களப்புப் பாலத்தடியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அண்ணே, அந்தக் கொடுவாவைத் தாங்களேன்" என்று காசை நீட்டினால் தாராளமாக வாங்கலாம். "நாளைக்கும் ரெண்டு கிலோ வேணும், ஏழு மணிக்கு வாறன்" என்று அவர் சொல்லும்போதுதான் கதை கெடுகிறது. மறுநாள் கையில் இருப்பது அதே தங்கூசிதான். ஆனால் கண் மணிக்கூட்டில்.

2004 ஆழிப்பேரலையும் 2006–07 போர்க்கால இடப்பெயர்வும் கண்ட ஊரில் உழைப்பைப் பற்றி இப்படி விளையாட்டாக எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயிற்றுப்பாட்டுக்காகத் தோணி தள்ளுபவரிடம் யாரும் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதில்லை, அவருக்கு அது தேவையுமில்லை. மண்ணெண்ணெய், ஐஸ், வலைக் கிழிசல், வாடைக்காற்று எல்லாம் கணக்குப் பார்த்து, மனமில்லாத நாளிலும் இறங்கத் தெரிந்தவர் அவர். பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கோ மனம்தான் முதல். அதை மட்டும் வைத்துக்கொண்டு தகப்பன் காலத்திலிருந்து களப்பைப் படித்தவரோடு சந்தையில் போட்டிக்கு நிற்பது வீரம் அல்ல, நட்டம். "பிடித்த வேலையில் களைப்புத் தெரியாது" என்பார்கள். தெரியாதுதான், கடன்காரன் வாசலுக்கு வரும்வரை.

அப்படியானால் ஆசையில் காசே இல்லையா? இருக்கிறது, அடுத்தவருடைய ஆசையில். 1653இல் தூண்டில் கலைக்கு இன்றும் பேர்போன புத்தகத்தை எழுதிய ஐசக் வோல்டனுக்குத் தொழில் லண்டனில் துணி வியாபாரம். பின்லாந்தின் லவுரி ரபாலா இன்னும் கெட்டிக்காரர். மீன்பிடித்து வறுமையில் கிடந்த அவர், 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு பொய் மீன் செய்தார். 1962இல் மர்லின் மன்றோ இறந்ததை ஒட்டி வந்த 'லைஃப்' இதழில் அந்தப் பொய் மீனைப் பற்றியும் ஒரு கட்டுரை வர, உலகம் முழுக்க அதற்கு அடிபிடி. மீன் கொடுக்காத பணத்தை மீன்பிடிக்க ஆசைப்பட்டவர்கள் கொடுத்தார்கள்.

ஆகையால் முதலாளியாகியே தீருவேன் என்பவர் பாலத்தடியில் ஒரு கொட்டில் போட்டு உயிர் இறால், தங்கூசி, ஈயம் விற்கட்டும். பக்கத்தில் ஒரு கேத்தல் பிளேன்டீயும் இருந்தால் நல்லது. மீன் பட்டாலும் இறால் போகும். படாவிட்டால் இன்னும் கூடப் போகும்.