கண்ணளவு

கே: ஆபீஸ் மீட்டிங்கில் வட்ட விளக்கப்படத்தைப் போட்டாலே எல்லோரும் தலையாட்டுகிறார்கள். உண்மையிலேயே புரிகிறதா?

ப: காபி வரும்வரை ஆட்டுவார்கள். 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஆட்களை உட்கார வைத்தே இதைச் சோதித்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதில் கண் கெட்டி. அதே எண்களை வட்டத் துண்டுகளாக்கியதும் தவறு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பள்ளிப் பிரேயரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பையன்களில் யார் விரற்கடை உயரம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பூசணிப் பத்தையில் எது பெரியது? தராசு வரும்வரை வாக்குவாதம்தான்.

கே: வட்டப்படத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

ப: ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், 1801-இல். 1786-லேயே பட்டைப் படத்தை அச்சிட்டவரும் அவரே. அதனால் திட்டவும் மனசு வரவில்லை.

கே: முப்பரிமாண வட்டம் போடலாமா?

ப: முன்பக்கத் துண்டு கொழுத்துத் தெரியும். உங்கள் பிரிவு முன்னால் வருகிறதா, பின்னாலா?

கே: விற்பனை இரண்டு மடங்கானால் சர்க்கரை மூட்டைப் படத்தை இரண்டு மடங்கு உயரமாக வரையலாம்தானே?

ப: உயரம் கூடும்போது அகலமும் கூடுமே! பரப்பு நான்கு மடங்காகிவிடும். வேடிக்கை என்னவென்றால், கண் அந்த நான்கையும் முழுசாக எடுத்துக்கொள்ளாது. பெரிய பரப்பைக் குறைத்தே மதிப்பிடுவது அதன் சுபாவம். நீங்கள் கூட்டிச் சொல்ல, அது கழித்துக்கொள்ள, நடுவில் உண்மை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பட்டை போடுங்கள். மூட்டை வேண்டுமானால் ஒரே அளவில் இரண்டு மூட்டை.

கே: லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு. இதில் என்ன தப்பு?

ப: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவது சிரமம். அவர் முதலாளியாக இருந்தால் உங்கள் நஷ்டம் தப்பித்தது. நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பு.

கே: இப்படி ஏமாறுகிற கண்ணை நம்பி எதற்குப் படம்? சராசரி போதாதா?

ப: 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்ன அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். சராசரி, பரவல், ஒட்டுறவு எல்லாம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. புள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்று சாய்ந்த சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் வரிசையை விட்டு ஓடிய ஒற்றைப் புள்ளி, கடைசியில் தூண் மாதிரி பத்தும் தூரத்தில் ஒண்டியாக ஒன்றும். அளப்பதில்தான் கண் சுமார். ஆள் அடையாளம் சொல்வதில் அதை மிஞ்ச முடியாது. பத்துப் பொருத்தமும் கூடியிருக்கிறதே என்று மாப்பிள்ளையை நேரில் பார்க்காமலே நிச்சயம் செய்துவிடுவீர்களா?