கொடிக்காரர்

சென்னையில் வாடகைக்கென்றே கட்டப்பட்ட பழைய அடுக்ககங்களில் படுக்கையறை என்றால் நான்கு சுவர், ஒரு ஜன்னல், தலைக்குமேல் ஒரு பரண். சுவரலமாரி தப்பித்தவறி இருந்தாலும் அதில் பாதி வீட்டுக்காரரின் பூட்டுக்குள் இருக்கும். இப்படிப்பட்ட அறைக்குக் குடிவருபவர்களில் ஒரு வகையினர், பால் காய்ச்சிய கையோடு நைலான் கயிற்றைத் தேடுவார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, பரண் கொக்கியில் மறுமுனை. அன்றிரவே சட்டை, சுடிதார், துண்டு எல்லாம் அந்தரத்தில் குடியேறிவிடும். இவரைக் கொடிக்காரர் என்போம். சோம்பேறி என்பது ஊர் அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம். என் கட்சி வேறு: அந்த அறையின் அளவையும் வாடகைப் பத்திரத்தையும் ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஒரு பீரோ வாங்கிப் போடக்கூடாதா மாப்ளே?" என்று கேட்கும் மைத்துனருக்குச் சொந்த வீடு இருக்கும். கணக்குப் பார்ப்போம். வீட்டின் பிரதான அறைக்கே 2.4 மீட்டர் அகலம் இருந்தால் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஐந்தடிக் கட்டில் 1.5 மீட்டரை விழுங்க, மிச்சம் 90 சென்டிமீட்டர். ஒன்றரை அடி ஆழமுள்ள இரும்பு பீரோ அதிலும் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் பீரோ கதவு திறக்கும். திறப்பவர் நிற்க இடம் இராது. கட்டில்மேல் ஏறி நின்றுதான் வேட்டி எடுக்க வேண்டும். போதாததற்குப் பத்திரம் 11 மாதத்துக்குத்தான், ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டுமே! மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிய பீரோவுக்குக் கால் கோணாமல் இருந்தால் அதிசயம். குழாய்களைச் செருகித் துணி போர்த்தி ஜிப் வைத்த அலமாரியோ மூன்றாம் மாதமே பொங்கல் கரும்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சுவரில் பலகை அடிக்கலாமென்றால், "ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க சார்" என்ற குரல் கீழ்த்தளத்திலிருந்து வரும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஓர் ஆணித் துளைக்கு அதில் எவ்வளவு பிடிக்கலாம் என்று அது சொல்லவில்லை.

கொடியில் ஒழுங்கில்லை என்பவர்கள் அதை உற்றுப் பார்க்காதவர்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் நாளைய அலுவலகச் சட்டை. நடுவில், துவைக்கப் போடவும் மனம் வராத, மடித்து வைக்கவும் மனம் வராத "இன்னொரு தடவை போடலாம்" ரகம். கோடியில், போன தீபாவளிக்குப் பிறகு யாரும் தொடாதவை. எது உடுப்பு, எது வெறும் துணி என்று கயிறே சொல்லிவிடுகிறது. பட்டு மட்டும் கொடிக்கு வராது. அது பழைய வேட்டியில் சுற்றப்பட்டுக் கட்டிலடிப் பெட்டியில் கிடக்கும். ஜரிகை கறுத்துவிடும் என்று அந்துருண்டைக்கு அங்கே அனுமதியில்லை. மடிப்பில் இற்றுவிடும் என்று சில மாதங்களுக்கொருமுறை மனைவி அதைப் பிரித்து மாற்றி மடிப்பார். அந்தப் பெட்டியில் கைவைக்கும் உரிமை கொடிக்காரருக்குக் கிடையாது. அதுவும் நல்ல நிர்வாகம்தான்.

தூசி படியாதா, பல்லி அசிங்கம் பண்ணாதா என்று கேட்பீர்கள். படியும், பண்ணும். ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் மூடிய அலமாரிக்குள் தோல் பெல்ட் பூஞ்சை பூத்துக் கிடக்கும்போது, காற்றாடும் கொடியில் அந்த வம்பு குறைவு. பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்: விருந்தாளி. "ஏங்க, சித்தப்பா தெருமுனைக்கு வந்துட்டாராம்" என்றதும் கொடி மொத்தமும் ஒரு போர்வைக்குள் மூட்டையாகிக் கட்டிலுக்கடியில் போகும். சித்தப்பா அன்றே ஊர் திரும்பிவிடுவார். மூட்டை அவிழ ஒரு வாரம் ஆகும். அதுவரை கொடிக்காரர் தினமும் காலையில் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, கைக்குச் சிக்கிய சட்டையோடு அலுவலகம் போவார்.