சுவர்ச் சார்பியல்: காத்திருப்போரின் முதுகும் கட்டடங்களின் நிறமும்

ஆய்வுச் சுருக்கம்

நிறத்தைக் கண் தேர்ந்தெடுக்கிறது என்பது உலக வழக்கு. நம் ஊர்க் கட்டடங்களைப் பொறுத்தவரை அதைத் தேர்ந்தெடுப்பது முதுகே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். பின்னந்தலை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றுக்கும் இதில் வாக்குரிமை உண்டு. கண்ணுக்கென்று ஐந்தடிக்கு மேலே கொஞ்சம் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த ஏற்பாட்டைப் படிக்கத் தெரிந்தவர், ஓர் அலுவலகத்துக்குள் காலடி வைத்ததுமே அங்கே எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை எவரையும் கேட்காமல் அறிந்துகொள்ளலாம்.

1. முன்னோர் முடிபுகள்

நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், வெள்ளொளியைப் பட்டகத்தால் பிரித்து ஏழு நிறம் என எண்ணிச் சொன்னார். ஜெர்மானியக் கவிஞர் கதே அதை ஏற்காமல் 1810-இல் நிறங்களைப் பற்றித் தாமே ஒரு பெருநூல் எழுதி, மஞ்சள் மனத்தை மலர்த்தும், நீலம் குளிர்ச்சி தரும் என்றார். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, சுவர்த்தாள் நிறுவனம் ஒன்றுக்காக 1931-இல் 43 நிறங்களையும் 1959-இல் மேலும் 20 நிறங்களையும் பொறுக்கிக் கொடுத்து, வீட்டுக்கு இவை போதும் என்று முடித்தார். 1979-இல் அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். அடைபட்ட முரடர்கள் கால் மணி நேரத்தில் சாந்தமானதாகச் செய்தி பரவியது. பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது அந்தச் சாந்தம் கைக்கு அகப்படவில்லை. நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் எந்த நிறத்தின் உதவியுமில்லாமல், இரண்டு மணி நேரக் காத்திருப்பிலேயே முரடர் சாந்தமாவதை ஷாஸ் கண்டிருந்தால் சாயச் செலவு மிஞ்சியிருக்கும்.

நால்வரும் மேதைகள்தாம். ஆயினும் ஒரு குறை நால்வருக்கும் பொது. சுவர் என்பது பார்ப்பதற்கு என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். சுவரில் சாய்ந்து நிற்கிறவருக்கு அந்தச் சுவர் தெரியாது. அவருக்குத் தெரிவது எதிர்ச்சுவர்; அதிலும் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்.

2. அரைச்சுவர்

தமிழகத்து அரசுக் கட்டடம் எதனுள்ளும் நுழைக. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையம் எதுவாயினும் ஆகுக. தாழ்வாரச் சுவர் பெரும்பாலும் இரண்டு நிறமாகப் பிரிந்திருக்கும். தரையிலிருந்து நாலடி, நாலரை அடி வரை பச்சையோ, நீலமோ, காப்பித்தூள் நிறமோ அடித்திருப்பார்கள், மினுமினுக்கும் எனாமல். அதற்கு மேலே வெள்ளை. சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். இரண்டுக்கும் நடுவே கறுப்பில் ஒரு விரற்கடைக் கோடு. பெயின்டர்கள் கீழ்ப்பகுதியை டேடோ என்பார்கள். ஏன் என்று கேட்டால், “ஜனங்க சாய்வாங்க சார், துடைச்சுக்கலாம்” என்பார்கள். இக்கட்டுரையின் கோட்பாடு முழுவதும் அந்த ஒரு வரியில் அடக்கம். எஞ்சியவை அதற்கு உரை.

உயரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காத்திருப்போர் பெஞ்சின் உயரம் சுமார் ஒன்றரை அடி. உட்கார்ந்தவரின் பின்னந்தலை அதற்கு மேல் இரண்டரை அடியில் சுவரைத் தொடும். ஆகக் கூடி நாலடி. பெஞ்சில் இடம் கிடைக்காமல் நிற்பவரின் தோள்பட்டை நாலரை அடியில் சுவரைத் தொடும். அரைச்சுவர் முடிகிற இடமும் அதுவே. ஆகவே கறுப்புக் கோடு என்பது அலங்காரமன்று. குடிமக்களின் சராசரி உயரத்தைச் சர்க்கார் அளந்து சுவரில் எழுதிவைத்த ஆவணம்.

இனி வேதியியல். சுண்ணாம்பு காய்கையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அந்தப் படலம் முழுக்க நுண்துளைகள். தன்மேல் விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. அதில் தேங்காயெண்ணெய் தடவிய தலை ஒன்று வந்து சாய்கிறது. எண்ணெய் துளைகளை நிரப்ப, சிதறல் குறைய, அந்த இடம் மங்கிக் கறுக்கிறது. பிறகு தெருப்புழுதி வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எனாமலுக்குத் துளை கிடையாது. எண்ணெய் மேலேயே நிற்கும், ஈரத்துணிக்கு வந்துவிடும். துணியும் துடைக்கும் ஆளும் வருவது பற்றி இவ்வாய்வு பேசவில்லை, அது பொதுப்பணியியல்.

3. கடாவும் விடையும்

பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் பச்சை அடித்தார்கள் என்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு வரலாற்று ஆதரவும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், வெள்ளைச் சுவரின் கூச்சம் கண்ணை உறுத்துகிறது என்று 1914-இல் தம் அறுவை அறைக்குக் கீரைப் பச்சை அடித்தார். இரத்தச் சிவப்பையே உற்றுப் பார்த்த கண்ணுக்கு அதன் எதிர்நிறமான பச்சை ஓய்வு தரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியானதே. இன்றும் அறுவை அறை அங்கிகள் பச்சையாகவோ நீலமாகவோ இருப்பதைக் காண்கிறோம்.

அற்றேல் நம் அரைச்சுவரும் ஷெர்மன் வழி வந்ததே ஆகாதோ எனின், ஆகாது. என்னை? அறுவை மருத்துவர் குனிந்து வேலை செய்பவர். அவர் பார்வை விழுவது கீழே. மனுவோடு வந்தவர் பார்ப்பது மேலே. கடிகாரம் மேலே இருக்கிறது. தலைவர்களின் படம் மேலே இருக்கிறது. ‘லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ என்ற பலகையும் மேலேதான் இருக்கிறது. நிற்கும் மனிதரின் கண் ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் உள்ளது. பச்சையோ நாலரை அடியிலேயே நின்றுவிடுகிறது. கண்ணுக்கென்று அடித்த நிறம் கண்ணுக்கு எட்டும் முன்னே நிற்பானேன்? ஆகவே அது கண்ணைக் கருதியது அன்று.

வெள்ளைப் பகுதியில் கண்ணுக்கு ஒரு சலுகை உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பது அந்தச் சலுகை. சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை நீலம் அடக்க, வெள்ளை மேலும் வெள்ளையாகத் தெரியும். வேட்டிக்குச் செய்ததையே சுவருக்கும் செய்கிறோம்.

ஜெய்ப்பூர் ஒரு கடா. வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக 1876-இல் மகாராஜா ராம் சிங் நகர் முழுவதற்கும் இளஞ்சிவப்பு அடித்தாரே, அது கண்ணுக்காக இல்லையா? ஆம், கண்ணுக்காகவே. அதனால் நம் கோட்பாடு வலுக்கிறதேயன்றிக் குலையவில்லை. இளவரசர் வந்தார், பார்த்தார், போனார். எந்தச் சுவரிலும் அவரைச் சாயவிட்டிருக்க மாட்டார்கள். காத்திருக்காதவருக்கு அடிக்கும் நிறம் ஒன்று, காத்திருப்பவருக்கு அடிக்கும் நிறம் வேறொன்று என்பதே நாம் சொல்ல வந்தது.

சென்னையிலும் இதைக் காணலாம். 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையின் வெண்மை தெருவில் போகிறவர் பார்ப்பதற்கு; வீட்டு வரி விஷயமாக வந்தவர் சாய்வதற்குச் சுவர் உள்ளே இருக்கிறது. 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் செங்கற்சிவப்பு. அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் நிறம் அது. வழக்குகள் எவ்வளவு காலம் நடக்கும் என்பதைக் கட்டியவர்கள் அன்றே கணித்திருந்தார்கள் என்று கொள்வதில் பிழையில்லை.

4. கறைகளின் பாகுபாடு

தலைக்கறை: பெஞ்சின் பின்னால் ஆளுக்கொன்றாக வரிசையில் இருப்பது. எத்தனை பேர் அமரலாம் என்பதை இருக்கைகளைவிட இது துல்லியமாகக் காட்டும்.

உள்ளங்கைக் கறை: சுவிட்சுப் பலகையைச் சுற்றியும் மாடிப்படித் திருப்பத்திலும் காணப்படுவது. பள்ளிக்கூடங்களில் மூன்றடி உயரத்தில் தாழ்வாரம் நெடுக ஒரே கோடாக ஓடும். மணியடித்ததும் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும் பிள்ளைகளின் கைவண்ணம்.

உள்ளங்கால் கறை: ஒற்றைக் காலில் நின்று மற்றதை மடித்துச் சுவரில் ஊன்றும் இளைஞர்களுடையது. முழங்கால் உயரம். டீக்கடை, கல்லூரி வாயில், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் மிகுதி. இதற்கு எந்த எனாமலும் தாங்காது.

வெற்றிலைக் கறை: படிக்கட்டு மூலைக்குரியது. சுவரில் பூசியதும் வாயில் போட்டதும் ஒரே சுண்ணாம்பு என்பதால் இதைச் சுண்ணாம்பின் தாயக வருகை எனலாம். இதைத் தடுக்க நிறம் பயன்படவில்லை. மதிற்சுவரில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா ஆகிய மூன்றின் படமுள்ள ஓடுகளைப் பதிக்கிறார்கள். சுவரைக் காப்பதில் சர்வமதத்தினரும் இவ்வளவு ஒற்றுமையாகப் பணியாற்றும் துறை வேறில்லை.

5. உள்ளே போகப் போக வெளுக்கும் விதி

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுதான். ஓர் அலுவலகத்தின் வாசலிலிருந்து உள்ளே நடந்தால் சுவர் படிப்படியாக வெளுக்கிறது. தாழ்வாரத்தில் கரும்பச்சை. எழுத்தர்கள் அமரும் கூடத்தில் இளம்பச்சை. கண்காணிப்பாளர் மேசை அருகே டிஸ்டெம்பர். அதிகாரியின் அறையில் முழுச் சுவரும் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, ஆஃப் ஒயிட் எமல்ஷன் இரண்டு கோட்டு. கறுப்புக் கோடு அங்கே வாசலோடு நின்றுவிடும். அந்த அறையில் யாரும் காத்திருப்பதில்லை. ஆகவே யாரும் சாய்வதில்லை. ஆகவே சுவர் எந்த நிறத்திலும் இருக்கலாம்.

அதிகாரிக்கும் தலை உண்டே, அதிலும் எண்ணெய் உண்டே எனின், நல்ல கேள்வி. அதற்காகத்தான் அவருடைய நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு ஒன்று போர்த்தியிருக்கிறது. அறியாதார் அதைப் பதவியின் அடையாளம் என்பர். அது கழற்றித் துவைக்கத்தக்க சுவர். குடிமக்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு சுவர், அதிகாரிக்குத் தனியே ஒரு சுவர். முன்னதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெயின்ட், பின்னதற்கு வாராவாரம் சலவை.

இவ்விதி அரசோடு முடிவதன்று. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மினுக்குடன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனாமல் பரவலாக வருமுன்பே துளையடைக்கும் வழியைக் கண்டவர்கள் அவர்கள். சில வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பான் ஓடுகளையே பதித்தார்கள். கொடுக்கல் வாங்கல் உள்ள வீடு; வந்து உட்கார்ந்து சாய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

தி. நகர் ஜவுளிக்கடையில் விதி வேறுவிதமாகச் செயல்படுகிறது. அங்கே சுவரெங்கும் கண்ணாடியும் அலமாரியும். வாங்க வந்த பெண்கள் சாய்வதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது. டியூப்லைட்டில் அரக்காகத் தெரிந்த பட்டு வெயிலில் வேறாகத் தெரியும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவது இயற்பியல் அறிந்த உண்மை. அதனால் “வெளிச்சத்துல காட்டுங்க” என்று புடவையை வாசலுக்கு எடுத்துவந்து, முந்தானையை விரித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நியூட்டனின் மரபு நம்மிடையே முறையாகத் தொடர்வது இந்த வாசற்படியில் மட்டுமே. ஆனால் அதே கடையில், மாடிப்படி ஓரமாகக் கணவன்மாருக்கென ஒரு நாற்காலி வரிசை உண்டு. அதன் பின்சுவரைப் பார்க்க. நாலடி உயரத்தில் தலைக்கறை வரிசையாக இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்த உள்ளலங்காரத்தாலும் விதியை மீற முடியவில்லை.

6. முடிவும் பரிந்துரையும்

காத்திருக்கும் நேரம் கூடக் கூடச் சுவரின் நிறம் அடர்கிறது. காத்திருக்க வைக்கும் அதிகாரம் கூடக் கூட நிறம் வெளுக்கிறது. நகரின் நிறங்களைப் பற்றிப் பேசுவோர் கோபுரத்தையும் மாளிகையையும் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தி, நாலடி உயரத்துக்குத் தலையைத் தாழ்த்த வேண்டும்.

இதை மெய்ப்பிக்க எளிய சோதனை ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். ஏதேனும் ஓர் அலுவலகத்தில் நிறங்களை இடம் மாற்றி அடிக்க வேண்டும்; அதிகாரியின் அறைக்குக் கரும்பச்சை எனாமல், தாழ்வாரத்துக்கு ஆஃப் ஒயிட். செலவு சில டப்பா பெயின்டும் இரண்டு நாள் கூலியும். பிறகு ஆறு மாதம் கழித்துப் போய்த் தாழ்வாரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. மனுக்கள் அன்றன்றே முடிகின்றன, அல்லது அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவற்றுள் எது என்று துணிவதற்கு நிற அறிவு தேவையில்லை. வாசலில் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்தால் போதும்.