வாத்தைக் குளிப்பாட்டிய கதை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் டிசம்பர் ராத்திரிகூட ஃபேன் ஓடாமல் கண் மூட முடியாது. அந்த ஊரில் மைனஸ் பத்து டிகிரி குளிரைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் வைத்திருக்கும் ஆசாமி நான். ஐந்து வருஷத்துக்கு முன், உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப்போகிறேன் என்று வாங்கியது. 12,500 அடி மலை. நான்கு ராத்திரி அதற்குள் படுத்தேன். ஊர் திரும்பியதும் முழங்காலால் அமுக்கி, அதன் குட்டி உறைக்குள் திணித்து, பீரோ மேல் போட்டேன்.

போன ஐப்பசியில் எதையோ தேடும்போது அது தலையில் விழுந்தது. உறையைத் திறந்தேன். மழையில் நனைந்த கோழிக்கூட்டின் வாடை.

ஆச்சி நாகர்கோவில்காரி. மூக்கு இன்னும் கூர்மை. "மக்ளே, உள்ள என்னமோ செத்துக் கெடக்குடே."

"வாத்து ஆச்சி. செத்து அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு."

உள்ளே இருப்பது வாத்தின் தூவி. இறகு இல்லை, இறகுக்கு அடியில், நெஞ்சோடு ஒட்டி வளரும் பஞ்சு மாதிரியான மென்ரோமம். பையில் 650 என்று அச்சிட்டிருந்தது. விலையில் ஒரு சைபர் விட்டுப்போயிற்று என்று கடையில் மகிழ்ந்தேன். அது விலை இல்லையாம். 28 கிராம் தூவி விரிந்தால் பத்து லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதற்கான கணக்காம். சாலைக் கம்போளத்தில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பஞ்சு எங்க தம்பி இருக்கு? வெறும் காத்துல்லா இருக்கு" என்றார். விஷயமே அதுதான். தூவிக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அழுக்கும் ஈரமும் ஏறினால் தூவி ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும். வருஷக்கணக்காக அமுக்கி வைத்தாலும் அதே கதிதான். நான் இரண்டையும் செய்திருந்தேன்.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத் தூவி பரப்பியிருந்ததை நக்கீரர் விவரமாகச் சொல்கிறார். அதை யார் துவைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

துவைக்கும் விதிகளைப் படித்தபோது, பிள்ளைப்பேறு பார்த்த வீட்டில்கூட இத்தனை பத்தியம் கிடையாது என்று தோன்றியது. சாதாரண சோப்புப் பவுடர் ஆகாது. தூவியின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும். துணியை மிருதுவாக்கும் திரவம் கூடவே கூடாது. மேலே மூடி வைத்து, நடுவே தண்டு சுழலும் மெஷின் உள்ளறைகளைக் கிழித்துவிடும். எங்கள் வீட்டில் இருப்பது அதேதான்.

ஆகவே குளியலறை. தூவிக்கென்றே விற்கும் திரவத்தை, வீட்டின் ஒரு மாதச் சோப்புச் செலவைக் கொடுத்து வாங்கினேன். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிப் பையை இறக்கினால், மிதந்தது. செத்தும் நீச்சலை விடாத வாத்து. மெல்ல மெல்லப் பிசைந்து காற்றை வெளியேற்றி முக்குவதற்கே அரைமணி நேரம். அப்புறம் நுரை போக எட்டுத் தண்ணீர். ஆச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். "என்னைய ஒரு நாளாவது இப்பிடிக் குளிப்பாட்டியிருக்கியாடே?"

நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் கனம் தாங்காமல் உள்தையல் விட்டுப்போகும். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து, படியெல்லாம் தண்ணீர் சொட்ட, மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். காலை வெயில் அருமையாக இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் துலாவர்ஷம் இடியோடு வந்தது. பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறதென்றால் விமான நிலையத்து ஓடுபாதையையே மூடிவிடும் ஊர் இது. பெருமாளுக்காக விமானம் நிற்கும். என் வாத்துக்காக மழை நிற்குமா?

மறுநாள் ஆட்டோவில், பெரிய டிரையர் வைத்திருக்கும் ஒரு சலவைக்கடைக்குப் போனேன். குறைந்த சூடு போதும் என்று சொல்லி, பையோடு மூன்று டென்னிஸ் பந்துகளையும் உள்ளே போட்டேன். "சேட்டா, பந்து எந்தினா?" என்றான் பையன். கட்டிதட்டிய தூவியை அடித்துப் பிரிக்க, என்றேன். என் முகத்தைப் பார்த்தபடியே இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் மேத்தன் மணி ஞாபகம் வந்தது. பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடிகாரத்தில் தாடிக்காரர் மணிக்கொருமுறை வாயைத் திறப்பார்; இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். இங்கே மூன்று கடா, ஓயாத முட்டு. அரைமணிக்கொருமுறை வெளியே எடுத்து, கட்டிகளை விரலால் நெருடிப் பிரித்து, மறுபடி உள்ளே போட்டேன். இப்படி நாலு மணி நேரம். தெருத்தெருவாக வில்லோடு வந்து பழைய மெத்தைப் பஞ்சை டொய்ங் டொய்ங்கென்று அடித்துக் கொடுப்பார்களே, அதே வேலைதான். நாலு மணி நேர வாடகை மட்டும் அவர்கள் வாங்கியதில்லை.

கடைசி முறை எடுத்தபோது பை சோற்றுப்பானை மாதிரி பொங்கியிருந்தது. இனி அமுக்கக் கூடாது. பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுத்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பீரோவுக்குள் என் சட்டைகளுக்கு இடமில்லை. இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. ஆச்சியின் அறையில் ஃபேன் அஞ்சாம் நம்பரில் சுழன்றது, வெளியே மழை. பையை விரித்து இரண்டு காலையும் உள்ளே விட்டுப் படுத்திருந்தாள்.

"வாதக் காலுக்கு எதமா இருக்கு மக்ளே. அடுத்த மாசமும் இத ஒருக்காக் குளிப்பாட்டிக் குடுத்திரு."